குறியீடும் காலடித்தடமும்
(மின்சுற்றுப் பலகை வரைவது பற்றி ஒரு பாடம்)



வீட்டிலுள்ள வானொலிப் பெட்டியையோ, பழுதாகிப் போன எல்.இ.டி. விளக்கையோ திறந்து பார்த்தால் உள்ளே பச்சை நிறத்தில் ஒரு தட்டை இருக்கும். அதன் மேல் செம்புக் கோடுகள் ஓடும். கோடுகள் முடியும் இடங்களில் சிறு சிறு உறுப்புகள் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். இதுவே மின்சுற்றுப் பலகை. கடைக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'பி.சி.பி.' என்பார்கள். இன்று கைக்கடிகாரம் முதல் செயற்கைக்கோள் வரை இப்பலகை இல்லாத கருவி அரிது.

இத்தகைய பலகையை முற்காலத்தில் கையால் வரைந்தார்கள். ஒளி ஊடுருவும் தாளின்மேல் கறுப்பு நாடாவை வெட்டி ஒட்டி, அதைப் படம் பிடித்துப் பலகை செய்தார்கள். இன்று கணினியில் வரைகிறோம். வேலை எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ஆனால் கணினி வந்தபின் ஒரு புதுப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. அதைப் புரிந்துகொள்ளாமல் பலகை வரைந்தால் பணமும் உழைப்பும் ஒரே நாளில் வீணாகும். அந்தப் பொறுப்பு என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு படங்கள்

ஒரு பலகைக்கு இரண்டு படங்கள் வேண்டும். முதலாவது சுற்றுப்படம். இயற்பியல் பாடநூலில் நாம் காண்பது இதுதான். மின்தடை என்றால் வளைந்து வளைந்து செல்லும் கோடு. மின்கலம் என்றால் நீளமும் குட்டையுமாக இரண்டு கோடுகள். டிரான்சிஸ்டர் என்றால் ஒரு வட்டமும் அதற்குள் ஓர் அம்புக்குறியும். இவற்றைக் குறியீடுகள் என்கிறோம். எது எதனோடு இணைகிறது என்பதைக் குறியீடு சொல்லும். உறுப்பு எவ்வளவு பெரியது, அதன் கால்கள் எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லாது.

இரண்டாவது பலகைப்படம். இதில் உறுப்பின் உருவத்துக்கு வேலையில்லை. அது பலகையில் வந்து உட்காரும் இடம்தான் வேண்டும். எத்தனை துளைகள், அவற்றுக்கு இடையே எவ்வளவு தூரம், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் எவ்வளவு செம்பு என்பவை எல்லாம் இதில் அளவோடு இருக்க வேண்டும். இந்த இடத்தை ஆங்கிலத்தில் 'ஃபுட்பிரிண்ட்' என்கிறார்கள். நாம் 'காலடித்தடம்' எனலாம். பொருத்தமான பெயர்தான். உப்பளத்து ஈரமண்ணில் பதிந்த காலடியைப் பார்த்து நடந்தவரின் பாத அளவை அறிவது போல, பலகையில் உள்ள தடத்தைப் பார்த்து எந்த வகை உறுப்பு அங்கே அமரும் என்று அறியலாம். தடத்தில் உள்ள ஒவ்வொரு செம்புத் திட்டுக்கும் 'பேட்' என்று பெயர்.

பெட்டி வேறு, சரக்கு வேறு

ஒரு குறியீட்டுக்கு ஒரே ஒரு தடம்தான் என்று இருந்தால் பாடம் இதோடு முடிந்துவிடும். உண்மையில் அப்படி இல்லை.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். பெட்டிக்குள் துணி இருக்கலாம், இயந்திரம் இருக்கலாம், மீன் இருக்கலாம். லாரிக்கு அதைப்பற்றிக் கவலையில்லை. பெட்டி 20 அடியா, 40 அடியா, அதன் மூலைகள் லாரியின் பூட்டுகளில் சரியாக வந்து அமர்கின்றனவா என்பதே அதற்கு முக்கியம். மின்னணு உறுப்புகளும் இவ்வாறே. உள்ளே இருக்கும் சிலிக்கான் சில்லு சரக்கு. வெளியே உள்ள கறுப்புக் கூடு பெட்டி. 'டிஓ-92' என்பது மூன்று கால்களும் ஒருபக்கம் தட்டையான முகமும் கொண்ட ஒரு கூடு. அதற்குள் பி.சி.547 என்ற டிரான்சிஸ்டரும் வரும், 2என்3904 என்ற டிரான்சிஸ்டரும் வரும், எல்.எம்.35 என்ற வெப்பநிலை உணர்வியும் வரும். பெட்டி ஒன்று, சரக்கு வேறு வேறு.

இதற்கு மறுதலையும் உண்டு. 555 என்ற டைமர் ஐ.சி.யை ஹான்ஸ் கமென்சிண்ட் என்பவர் 1971இல் வடிவமைத்தார். இன்றும் அது கடைகளில் கிடைக்கிறது. பெரிய கூட்டில் வாங்கினால் அதன் கால்களுக்கு இடையே 2.54 மி.மீ. இடைவெளி. சிறிய கூட்டில் வாங்கினால் 1.27 மி.மீ. இரண்டிலும் எட்டுக் கால்கள், வேலையும் ஒன்றே. இங்கே சரக்கு ஒன்று, பெட்டி இரண்டு. ஆகவே சுற்றுப்படத்தில் 555 என்று எழுதிவிட்டால் மட்டும் போதாது. எந்தக் கூடு என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணினி தடத்தைப் போட முடியும்.

இணைப்பது எண்ணே

இரண்டு படங்களையும் இணைப்பது எது? பொதுத் தேர்வை எண்ணிப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் அலுவலகத்தில் இருக்கிறது. இருக்கைகள் தேர்வுக் கூடத்தில் இருக்கின்றன. பட்டியலுக்கு மாணவியின் முகம் தெரியாது. இருக்கைக்கு அவள் பெயர் தெரியாது. இரண்டையும் சேர்ப்பது பதிவெண் ஒன்றுதான்.

மின்சுற்றுப் பலகையிலும் எண்ணே இணைப்பு. குறியீட்டில் உள்ள ஒவ்வொரு முனைக்கும் ஓர் எண் உண்டு. தடத்தில் உள்ள ஒவ்வொரு பேட்டுக்கும் ஓர் எண் உண்டு. 1ஆம் முனைக்கு வரும் கம்பி 1ஆம் பேட்டுக்குப் போகும்; 2ஆம் முனைக்கு வருவது 2ஆம் பேட்டுக்குப் போகும். கணினி செய்யும் ஒப்பீடு இவ்வளவே. முனைக்கு 'பேஸ்' என்று பெயர் எழுதியிருந்தாலும், பெயரைப் பார்த்து அது பேட்டைத் தேடுவதில்லை. எண் பொருந்துகிறதா என்பதை மட்டுமே பார்க்கிறது.

இதை ஓர் எளிய சுற்றில் செய்து பார்ப்போம். நமது ஓட்டப்பிடாரம் வட்டாரத்தில் தண்ணீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேல்நிலைத் தொட்டி நிரம்பியும் மோட்டாரை நிறுத்தாவிட்டால் நீர் வழிந்து வீணாகும். நிரம்பியவுடன் ஒலி எழுப்பும் கருவி அறிவியல் கண்காட்சிகளில் பலரும் செய்து வைப்பது. அதற்கு வேண்டியவை ஐந்தே பொருள்கள்: இரண்டு பேனா செல்கள் சேர்ந்த 3 வோல்ட் மின்கலம், ஒரு சிறு பஸர், ஆர்1 என்ற 10 கிலோ ஓம் மின்தடை, கியூ1 என்ற பி.சி.547 டிரான்சிஸ்டர், தொட்டிக்குள் தொங்கும் இரண்டு கம்பிகளை மாட்ட ஜே1 என்ற இணைப்பான்.

நீர் இரு கம்பிகளையும் தொட்டவுடன் மிகச் சிறிய மின்னோட்டம் நீர் வழியாகவும் மின்தடை வழியாகவும் டிரான்சிஸ்டரின் பேஸ் முனைக்குச் செல்லும். டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கிப் பஸரை ஒலிக்கச் செய்யும்.

சுற்றுப்படம் வரைந்து முடிந்ததும் கணினி அதை ஒரு பட்டியலாக மாற்றிக்கொள்கிறது. இதற்கு 'நெட்லிஸ்ட்' என்று பெயர். நமது சுற்றுக்கு அது இவ்வாறு அமையும்:

முதல் இணைப்பு: மின்கலம் 1, பஸர் 1, ஜே1இன் 1.
இரண்டாம் இணைப்பு: ஜே1இன் 2, ஆர்1இன் 1.
மூன்றாம் இணைப்பு: ஆர்1இன் 2, கியூ1இன் 2.
நான்காம் இணைப்பு: பஸர் 2, கியூ1இன் 1.
ஐந்தாம் இணைப்பு: கியூ1இன் 3, மின்கலம் 2.

பதினொரு முனைகள், ஐந்து இணைப்புகள். இப்பட்டியலில் படமும் இல்லை, அளவும் இல்லை. பெயரும் எண்ணும் மட்டுமே உள்ளன. பலகைப்படம் இந்தப் பட்டியலை வாங்கிக்கொண்டு, எந்தப் பேட்டிலிருந்து எந்தப் பேட்டுக்குச் செம்புக் கோடு போக வேண்டும் என்று நமக்குக் காட்டுகிறது.

தவறு நுழையும் வாசல்

இனிக் கவனமாகப் படியுங்கள். பி.சி.547இன் தட்டை முகம் நம்மைப் பார்க்கவும் கால்கள் கீழே இருக்கவும் பிடித்தால், இடமிருந்து வலமாக முதற்கால் கலெக்டர், நடுக்கால் பேஸ், மூன்றாங்கால் எமிட்டர். 2என்3904ஐ அதே விதமாகப் பிடித்தால் முதற்கால் எமிட்டர், நடுக்கால் பேஸ், மூன்றாங்கால் கலெக்டர். இரண்டும் ஒரே வகை டிரான்சிஸ்டர்கள். குறியீடும் பார்வைக்கு ஒன்றே. கூடும் ஒன்றே. தடமும் ஒன்றே. கால்களின் வரிசை மட்டும் தலைமாற்றம்.

நாம் பி.சி.547ஐ வாங்கி வைத்துக்கொண்டு, கணினியில் 2என்3904இன் குறியீட்டைப் போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும்? கணினிக்கு மகிழ்ச்சியே. முனைகள் 1, 2, 3. பேட்டுகள் 1, 2, 3. எல்லாம் பொருந்துகின்றன. சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தால் பிழை ஒன்றுமில்லை என்று பதில் வரும். பலகையும் அழகாக அச்சாகி வரும். டிரான்சிஸ்டரும் துளைகளில் அழகாக நுழையும். ஆனால் கலெக்டருக்கு வர வேண்டியது எமிட்டருக்கும், எமிட்டருக்கு வர வேண்டியது கலெக்டருக்கும் போய்விட்டது. இப்படித் திருப்பி இணைத்தால் டிரான்சிஸ்டரின் பெருக்கும் திறன் மிகவும் குறைந்துவிடும். தொட்டி நிரம்பி வழியும்; பஸர் வாய் திறக்காது.

ஒரு பலகை என்றால் காலைத் திருப்பிப் பற்றவைத்துச் சமாளிக்கலாம். நூறு பலகைகள் செய்யச் சொல்லிவிட்டால்?

இங்கேதான் இப்பாடத்தின் சாரம் உள்ளது. உண்மையில் எண்கள் இரு இடங்களில் அல்ல, மூன்று இடங்களில் உள்ளன: குறியீட்டின் முனை, தடத்தின் பேட், கையில் உள்ள உறுப்பின் கால். முதல் இரண்டையும் கணினி அறியும். மூன்றாவதை அது ஒருபோதும் கண்டதில்லை. அந்த மூன்றாவதைப் பார்க்க வேண்டியவர் வரைபவரே. தயாரிப்பாளர் வெளியிடும் விவரத்தாளில் கால்களின் வரிசையும் அளவும் அச்சிடப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் பலகை வரைவது, வினாத்தாளைப் படிக்காமல் விடை எழுதுவதற்கு ஒப்பாகும்.

இதே வகையில் இன்னும் சில பொறிகளும் உண்டு. விவரத்தாளில் கால்களை மேலிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்களா, கீழிருந்து பார்த்து வரைந்திருக்கிறார்களா என்பதைக் கவனிக்க வேண்டும். மாறினால் கண்ணாடியில் பார்த்தது போல இடமும் வலமும் மாறிவிடும். டையோடில் எந்த முனைக்கு 1 என்று எண் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நூலகத்தில் உள்ள வழக்கம் மற்றொன்றில் இராது. மிகச் சிறிய மின்தடைகளில் '0603' என்ற குறி அங்குல முறையில் 1.6க்கு 0.8 மி.மீ. அளவைக் குறிக்கும், அதே எண் மீட்டர் முறையில் 0.6க்கு 0.3 மி.மீ. அளவைக் குறிக்கும். முறை தெரியாமல் தடம் போட்டால் உறுப்பு ஒருபுறமும் பேட் ஒருபுறமுமாக நிற்கும்.

அளவில் சிறு பிழையும் பெருகும். 40 கால்கள் கொண்ட ஐ.சி.யில் ஒரு பக்கத்துக்கு 20 கால்கள், இடைவெளிகள் 19. ஒவ்வொரு இடைவெளியும் 2.54 மி.மீ. ஆகவே முதற்காலுக்கும் கடைசிக் காலுக்கும் இடையே 48.26 மி.மீ. 'இரண்டரைதானே' என்று 2.5 மி.மீ. வைத்து வரைந்தால் 47.5 மி.மீ. வரும். வேறுபாடு 0.76 மி.மீ. முதற்கால் துளையில் நுழைந்தால் கடைசிக் கால் நுழையாது. கோலத்துக்குப் புள்ளி வைக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் மயிரிழை தள்ளிப் போனால் கடைசி வரிசை எங்கே போய் நிற்கும் என்பது நீங்கள் அறிந்ததே.

மென்பொருள்கள் செய்யும் வழி

குறியீட்டையும் தடத்தையும் இணைக்கும் வழி மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். ஜெர்மனியில் 1988இல் வெளிவந்த 'ஈகிள்' என்ற மென்பொருளில், குறியீடு ஒன்று, கூடு ஒன்று, இரண்டையும் எண்ணுக்கு எண் மணமுடித்து வைத்த 'உறுப்பு' ஒன்று என மூன்றாகச் சேமித்தார்கள். வரைபவர் நூலகத்திலிருந்து எடுக்கும்போதே இணைப்பு முடிந்திருக்கும்.

பிரான்சு நாட்டில் கிரெனோபிள் நகரில் ஆசிரியராயிருந்த ழான்-பியர் ஷரா 1992இல் தொடங்கிய 'கீகேட்' என்ற மென்பொருள் வேறு வழியில் சென்றது. அதில் மின்தடை போன்ற பொதுக் குறியீடுகளுக்குத் தடம் எதுவும் முன்கூட்டிக் கட்டப்படவில்லை. சுற்றுப்படம் முடிந்தபின், ஒவ்வொரு குறியீட்டுக்கும் நாமே தடத்தைத் தேர்ந்தெடுத்துத் தர வேண்டும். தேர்ந்ததை நூலகத்தின் பெயர், ஒரு முக்காற்புள்ளி, தடத்தின் பெயர் என்ற முறையில் குறியீட்டோடு எழுதி வைத்துக்கொள்ளும். பி.சி.547 போன்று பெயர் சொல்லும் உறுப்புகளுக்கு மட்டும் தடம் முன்னதாகவே எழுதப்பட்டிருக்கும். முதல் வழியில் வேலை குறைவு. இரண்டாம் வழியில் உரிமை அதிகம். உரிமை அதிகமானால் பொறுப்பும் அதிகம்.

கூடு ஒன்றாகவும் குறியீடு பலவாகவும் இருப்பதும் உண்டு. 7400 என்ற ஐ.சி.யில் நான்கு 'நேண்ட்' வாயில்கள் உள்ளன. சுற்றுப்படத்தில் அவற்றை நான்கு தனித்தனிக் குறியீடுகளாக, நான்கு மூலைகளில்கூட வரையலாம். பலகையில் அவை 14 கால்கள் கொண்ட ஒரே தடத்தில்தான் வந்து சேரும். 7ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் மின்சாரம் வர வேண்டும். வாயில்களை மட்டும் வரைந்துவிட்டு இவ்விரண்டையும் மறந்தால், நான்கு அறைகள் கட்டி வாசற்படி வைக்காத வீடு போல ஆகிவிடும்.

கீகேட் விலையில்லாதது, அதன் உள்கட்டமைப்பையும் எவரும் படித்துப் பார்க்கலாம். 2013 முதல் ஐரோப்பிய அணு ஆய்வுக்கூடமான செர்ன் அதன் வளர்ச்சிக்கு உதவியது. நம் நாட்டில் மும்பை ஐ.ஐ.டி.யில் இயங்கும் 'ஃபாசி' என்ற திட்டத்தினர் கீகேட்டையும், சுற்றைச் சோதித்துப் பார்க்கும் மற்றொரு மென்பொருளையும் இணைத்து 'ஈசிம்' என்ற மென்பொருளை உருவாக்கினார்கள். அதே ஐ.ஐ.டி.யில் தோன்றிய 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம் விலையில்லா மென்பொருள்கள் பற்றிய பாடங்களைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் தருகிறது. 1906இல் அயல்நாட்டுக் கப்பலை நம்பியிராமல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. பிறந்த ஊர் ஓட்டப்பிடாரம். சொந்தக் கருவியின் பெருமையை நம் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

சிறு பிழை, பெரு நட்டம்

'ஒரு கால் மாறினால் என்ன பெரிய நட்டம்?' என்று எண்ணக் கூடாது. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 2001 ஆகஸ்ட் 8 அன்று 'ஜெனிசிஸ்' என்ற விண்கலத்தை ஏவியது. சூரியனிலிருந்து வீசும் துகள்களைச் சேகரித்துப் பூமிக்குக் கொண்டுவருவது அதன் பணி. மூன்றாண்டுகள் பணி முடித்து 2004 செப்டம்பர் 8 அன்று அதன் கூடை திரும்பியது. வளிமண்டலத்துக்குள் நுழையும்போது வேகம் குறைவதைச் சிறு உணர்விகள் அறிந்து, பாராசூட்டை விரிக்கக் கட்டளையிட வேண்டும். கட்டளை வரவில்லை. மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் கூடை யூட்டா மாநிலத்துப் பாலை மண்ணில் மோதியது.

காரணத்தை ஆராய்ந்தார்கள். உணர்விகள் பழுதாகவில்லை. பொருத்தியவர்களும் தவறு செய்யவில்லை. வரைபடத்திலேயே அவை தலைகீழாகக் குறிக்கப்பட்டிருந்தன. வரைபடத்தில் உள்ளபடியே பொருத்தினார்கள். பல கட்டங்களில் பரிசீலனை நடந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. உடைந்தவற்றிலிருந்து விஞ்ஞானிகள் பெருமுயற்சி எடுத்துத் துகள்களில் பலவற்றை மீட்டது வேறு கதை. வரைபடம் ஒன்றோடொன்று பொருந்துகிறது என்பதும், உண்மைப் பொருளோடு பொருந்துகிறது என்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்ய வேண்டியது

பலகையை அச்சுக்கு அனுப்புமுன் கீழ்க்கண்டவற்றைத் தவறாது செய்ய வேண்டும்.

1. முதலில் உறுப்பைக் கையில் வாங்குங்கள். அல்லது வாங்கப்போகும் உறுப்பின் முழுப் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதன் விவரத்தாளை எடுத்து, கால்களின் வரிசையை நோட்டில் வரையுங்கள்.

2. குறியீட்டின் முனை எண்ணையும், தடத்தின் பேட் எண்ணையும், விவரத்தாளின் கால் எண்ணையும் மூன்று பத்திகளாக எழுதி ஒப்பிடுங்கள். டிரான்சிஸ்டர், டையோடு, ஐ.சி., இணைப்பான் ஆகியவற்றுக்கு இது கட்டாயம்.

3. கணினியின் சரிபார்க்கும் கட்டளைகளைக் கொடுங்கள். விடுபட்ட இணைப்பு, ஒட்டிக்கொண்ட கோடு முதலியவற்றை அது நம்மைவிட விரைவாகக் கண்டுபிடிக்கும். ஆனால் அதன் 'பிழையில்லை' என்ற சொல்லை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள்.

4. பலகைப்படத்தைக் கூட்டாமல் குறைக்காமல் அதே அளவில் தாளில் அச்சிடுங்கள். முதலில் அளவுகோலால் பலகையின் நீளத்தை அளந்து அச்சு சரியா என்று பாருங்கள். பின்பு தாளைத் தெர்மோகோல் மேல் வைத்து, உறுப்புகளை அவற்றின் தடங்களில் குத்திப் பாருங்கள். ஒரு தாளின் செலவில் நூறு பலகைகளின் நட்டம் தவிர்க்கப்படும்.

5. இறுதியாகத் தோழி ஒருத்தியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தன் கட்டுரையின் எழுத்துப்பிழை தன் கண்ணுக்குத் தெரியாது. பிறர் கண்ணுக்கு உடனே தெரியும்.

2023 பிப்ரவரி 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 'ஆசாதிசாட்-2' என்ற சிறு செயற்கைக்கோளைச் சுமந்து சென்றது. நாடெங்குமுள்ள சுமார் 750 பள்ளி மாணவியரின் பங்கு அதில் இருந்தது. அவ்வகை ராக்கெட்டுகளுக்காக நம் மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அங்கிருந்து புறப்படும் கலங்களில் இருக்கப்போகும் பலகைகளை வரைபவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பது நம் ஆசை. பெற்றோர் இதை எட்டாத படிப்பு என்று எண்ணிப் பெண்களைத் தடுக்க வேண்டாம். தொடங்குவதற்கு வேண்டிய மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. பழைய கணினி ஒன்று போதும்.

முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் இக்கடற்கரையில் முத்துகளைச் சல்லடையில் இட்டுச் சலித்து அளவு பிரித்தார்கள். ஆனால் எந்த முத்து நன்முத்து என்பதைச் சல்லடை சொல்லவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த கண்தான் சொன்னது. கணினியும் ஒரு நல்ல சல்லடை. அதை நன்றாகப் பயன்படுத்துவோம். பார்க்க வேண்டியதை நம் கண்ணால் பார்ப்போம்.